டிக்கியில் 12 வோல்ட் சாக்கெட்: லைட் ஒயரிலிருந்து எடுக்கலாமா?

கரூர்_கேக்

வணக்கம். நான் கரூர்ல வீட்டிலிருந்தே கேக் செஞ்சு கொடுக்கிறேன். சனி, ஞாயிறு ஆர்டர்ல பாதி திருச்சிக்குத்தான் போகுது. வழியில நின்னு கொடுத்துட்டுப் போனா ரெண்டு மணி நேரம் ஆயிரும். சித்திரை வெயில்ல க்ரீம் நிக்காதுன்னு போன மாசம் 12 வோல்ட்ல ஓடுற 45 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஒண்ணு வாங்கினேன். ஸ்டிக்கர்ல 60 வாட்னு போட்டிருக்கு.

எங்க வண்டி செடான், பின்சீட் மடங்காது. முன்னாடி சாக்கெட்ல இருந்து ஒயரை டிக்கிக்குக் கொண்டுபோக வழியே இல்லை. அதனால ஃப்ரிட்ஜைப் பின்சீட்ல பெல்ட் போட்டுக் கட்டி வைக்கிறேன். பிள்ளைங்க ரெண்டு பேரும் மிச்ச இடத்துல நெருக்கிக்கிட்டு வர்றாங்க. ஒரே பெல்ட்டை ரெண்டு பேருக்கும் போட வேண்டியிருக்கு, அதுதான் மனசுக்கு ஆகலை.

ஆக்சஸரீஸ் கடையில கேட்டேன். டிக்கி லைட்டுக்கு வர்ற ஒயர்லயே ஒட்டுப் போட்டு அரை மணி நேரத்துல சாக்கெட் வச்சுத் தர்றோம், 600 ரூபாய்னாங்க. அது சரியா வருமா? நானே செய்யவும் தயார். மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் நானே கழற்றி மாட்டுவேன். மல்டிமீட்டர் இருக்கு.

பழைய_ஸ்பேனர்

அந்த ஒயரைத் தொட வேண்டாம் தங்கச்சி. டிக்கி லைட் பல்பு பெரும்பாலும் 5 வாட். அரை ஆம்பியர்கூட இழுக்காது. அதுக்குத் தகுந்த மெல்லிசு ஒயர்தான் உள்ள இருக்கும். உங்க ஃப்ரிட்ஜ் 60 வாட், 12ஆல வகுத்தா 5 ஆம்பியர். கம்ப்ரசர் கிளம்பும்போது அதுக்கும் மேல இழுக்கும். ஃபியூஸ் போகும். அடிக்கடி போகுதேன்னு யாராவது பெரிய ஃபியூஸ் மாட்டி விட்டா, அடுத்து எரியப்போறது ஒயர்.

ஈரோட்டுல 27 வருஷமா வண்டி ஒயரிங் வேலை பார்க்கிறேன். ஒரு தடவை ஒரு வேன் வந்துச்சு. ஆம்ப்ளிஃபயருக்காகப் பேட்டரியில இருந்து நேரா ஒயர் இழுத்து, ஃபியூஸைப் பின்னாடி ஆம்ப்ளிஃபயர்கிட்ட போட்டிருந்தாங்க. நடுவுல சீட் ரெயில் ஒயரை அறுத்து பாடியில தொட்டுருச்சு. ஃபியூஸ் அதைத் தாண்டி இருக்கு, அது எப்படிப் போகும்? பேட்டரியோட மொத்த சக்தியும் அந்த ஒரு ஒயர்ல இறங்கிருச்சு. கார்பெட், சீட் நுரை எல்லாம் கருகிப்போய்க் கொண்டுவந்தாங்க. பின்னாடி குழந்தை சீட் பாதி உருகியிருந்தது. அன்னைக்கு அது காலியா இருந்ததுதான் நல்ல காலம். ஃபியூஸ் ஒயரைக் காப்பாத்தத்தான். பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள அது இருக்கணும். இந்த ஒண்ணுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

வேலையை நீங்களே செய்யலாம். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர், மெல்லிய இழைகள் உள்ள வண்டி ஒயரா வாங்குங்க. தடிச்ச ஒற்றைக் கம்பி வண்டி குலுக்கல்ல முறிஞ்சிரும். 1 சதுர மில்லிமீட்டர் போதும்னு கடையில சொல்வாங்க. அது 5 ஆம்பியருக்குச் சூடாகாதுதான், ஆனா போக 5 மீட்டர் வர 5 மீட்டர்னா 1 வோல்ட் கிட்ட வழியிலயே போயிரும். ஃப்ரிட்ஜ் பேட்டரி இறங்கிருச்சுன்னு நினைச்சுத் தானே நின்னுக்கும். 2.5ல அந்த இழப்பு 0.4 வோல்ட்டுக்குள்ள. சாக்கெட்ல 120 வாட்னு அச்சடிச்சிருந்தா 10 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்க, சிவப்புக் கலர்.

முதல்ல பேட்டரி மைனஸைக் கழற்றுங்க. ஃபயர்வால்ல (என்ஜினுக்கும் நாம உட்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) ஏற்கெனவே இருக்கிற ரப்பர் வழியா ஒயரை உள்ள விடுங்க. புதுசா ஓட்டை போட்டா அதுக்கும் ரப்பர் வேணும், இல்லேன்னா தகடு ஒயரை அறுத்துரும். அங்கிருந்து கதவோரப் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில, பின்சீட்டுக்குக் கீழ, அப்புறம் டிக்கி. சீட்டுக்கு அடியில மஞ்சக் கனெக்டர் தெரிஞ்சா கை வைக்காதீங்க, ஏர்பேக் சம்பந்தப்பட்டது.

நடுவுல ஒரு ரிலே போடுங்க, சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட்டைத் திறந்து மூடுற சுவிட்ச் அது. கால்கள்ல நம்பர் போட்டிருக்கும். 30ல பேட்டரி (ஃபியூஸ் தாண்டி), 87ல சாக்கெட், 85 பாடி எர்த். 86க்கு முன் சாக்கெட்டோட ஃபியூஸ்ல இருந்து ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்துல சொருகி இன்னொரு ஒயர் எடுக்கிற அடாப்டர்) வச்சு எடுத்துக்கலாம், ரிலே காயில் 0.2 ஆம்பியர்கூடக் குடிக்காது. சாவியை எடுத்தா டிக்கி சாக்கெட்டும் நின்னுரும்.

திருப்பூர்_ஓட்டுநர்

ரிலே எதுக்கு அண்ணா? நேரா கொடுத்தா சாவி இல்லாமலே டயருக்குக் காத்து பிடிக்கலாமே. நான் அப்படித்தான் வச்சிருக்கேன்.

பழைய_ஸ்பேனர்

காத்து பிடிக்கப் பத்து நிமிஷம், அதுக்குச் சரி தம்பி. இவங்க மாட்டப்போறது ஃப்ரிட்ஜ். சின்ன வண்டியில 35 ஏஹெச் பேட்டரி (ஏஹெச்னா ஆம்பியரை மணி நேரத்தால பெருக்கினது). ஃப்ரிட்ஜ் விட்டு விட்டுத்தான் ஓடும், சராசரியா 3 ஆம்பியர்னு வைங்க, ராத்திரி எட்டு மணி நேரத்துல 24 ஏஹெச் போயிரும். காலையில செல்ஃப் எடுக்காது. ஆர்டர் கையில இருக்கிற அன்னைக்கு அது நடக்கக் கூடாது.

மலைக்கோட்டை_வாசி

சகோதரி, சிஎன்ஜி வண்டியா? டிக்கியில சிலிண்டர் இருந்தா நீங்களா துளை போடாதீங்க.

கரூர்_கேக்

இல்லைங்க, பெட்ரோல்தான். அண்ணா சொன்ன மாதிரியே செய்யப் போறேன். முடிச்சுட்டு எழுதுறேன்.

கரூர்_கேக் (இரண்டு வாரம் கழித்து)

முடிச்சுட்டேன் அண்ணா. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஆச்சு. சாமான் எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். சாக்கெட்டுக்கு இடதுபக்கப் பிளாஸ்டிக்ல 28 மில்லிமீட்டர் ஹோல் சா வச்சுத் துளை போட்டேன். போடறதுக்கு முன்னாடி அந்தப் பேனலைக் கழற்றிப் பார்த்தது நல்லதாப் போச்சு. நான் குறிச்சு வச்ச இடத்துக்கு நேர் பின்னாடி டெயில் லைட் ஒயர் கட்டு போகுது. நாலு விரல் தள்ளிப் போட்டேன்.

முதல் தடவை ஃப்ரிட்ஜ் ரெண்டு நிமிஷம் ஓடி நின்னுருச்சு. மீட்டர் வச்சுப் பார்த்தா பேட்டரியில 14.1, சாக்கெட்ல 11.4. ஒயரைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில எர்த், அதாவது மைனஸ் ஒயரை வண்டி பாடியில முடுக்கின இடம். போல்ட்டுக்கு அடியில பெயின்ட்டைச் சுரண்டாம லக்கை (ஒயர் முனை வளையம்) முடுக்கியிருந்தேன். உப்புத்தாள் போட்டுத் தகடு பளபளன்னு தெரியிற வரைக்கும் தேய்ச்சு மறுபடி முடுக்கினேன், மேல கொஞ்சம் கிரீஸ். ஃப்ரிட்ஜ் ஓடிக்கிட்டு இருக்கும்போதே 13.8 காட்டுது.

நேத்து மூணு கேக், 4 டிகிரியில திருச்சி வரைக்கும். பிள்ளைங்க ஆளுக்கு ஒரு ஜன்னல், ஆளுக்கு ஒரு பெல்ட்.

பழைய_ஸ்பேனர்

சந்தோஷம் தங்கச்சி. ஒரு மாசம் ஓட்டினதும் ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா க்ரிம்ப் (ஒயர் முனையை நசுக்கிப் பிடிச்ச இடம்) சரியில்லைன்னு அர்த்தம், அதை மட்டும் மாத்துங்க.