கோத்தகிரி ஈரத்தில் பழைய டிங்கி, கார்கி கார்கள்: வெள்ளைப் பொடியும் வெடிப்பும்

கேள்வி: கோத்தகிரியான்

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தவர். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது தம் பிள்ளைகள் விளையாடிய சிறு கார்களைப் பெரியப்பாவிடம் விட்டுச் சென்றார். பஞ்சிலும் செய்தித்தாளிலும் சுற்றப்பட்டு ஒரு மரப்பெட்டியில் கிடந்த அவை இப்போது என்னிடம் வந்திருக்கின்றன. பிரித்தானியப் பொம்மைக் கார் நிறுவனமான டிங்கியின் ஸ்டாண்டர்ட் வான்கார்ட், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட், ஆஸ்டின் டெவன் ஆகியவையும், அதன் போட்டி நிறுவனமான கார்கியின் மாரிஸ் கௌலியும் ஓரளவு நல்ல நிலையில் உள்ளன. இவற்றைவிடப் பழையதாகத் தோன்றும் ஒரு சிறு லாரியும் இருக்கிறது.

கார்களின் அடிப்பக்கத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. லாரியிலோ மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடுகின்றன. அதன் கூரையும் சற்று உப்பியுள்ளது. இது மற்ற கார்களுக்கும் பரவுமா? எங்கள் ஊர் ஈரத்தில் இவற்றை எப்படி வைப்பது? மேட்டுப்பாளையத்தில் கார்களுக்கு வண்ணம் அடிக்கும் ஒருவர், பழைய வண்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில் 1: குன்னூர் சேகரிப்பாளர்

நண்பரே, நீங்கள் கண்டவை இரண்டு வெவ்வேறு கேடுகள். அவற்றை ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

இந்த மாதிரிகள் துத்தநாகத்துடன் அலுமினியம், சிறிதளவு மக்னீசியம், செம்பு ஆகியவை சேர்ந்த உலோகக்கலவையை உருக்கி, அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்க்கப்பட்டவை. வண்ணம் போன இடத்தில் காற்றின் ஈரம் பட்டால் துத்தநாகத்தின் மேல் வெள்ளைப் பொடி படியும். அது மேற்பரப்போடு நிற்பது. உலர்ந்த மென்தூரிகையால் தட்டி எடுத்துவிட்டு, ஈரம் குறைந்த இடத்தில் வைத்தால் போதும்.

லாரியின் கதை வேறு. வார்க்கும்போது கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும், உலோகத்தின் படிகங்களுக்கு இடையே அரிப்பு தொடங்கி, பொருள் உள்ளிருந்தே உப்பி, வெடித்து, இறுதியில் கையில் உதிரும். சேகரிப்பாளர்கள் இதை ‘ஸிங்க் பெஸ்ட்’, அதாவது துத்தநாகக் கொள்ளைநோய், என்பார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் வந்த டிங்கி மாதிரிகளில் இது மிகுதி. உங்கள் லாரியின் சக்கரக் குடங்கள் (டயருக்குள் இருக்கும் உலோக நடுப்பகுதி) வழவழப்பாக இருந்தால் அது பெரும்பாலும் போருக்கு முந்தையது. போருக்குப் பிந்தையவற்றில் குடத்தைச் சுற்றி மேடு எழுந்திருக்கும்.

இதற்கு மருந்தில்லை. பசையோ வண்ணமோ உள்ளே நடப்பதை நிறுத்தாது. ஆனால் பெயர்தான் நோயைப் போல ஒலிக்கிறதே தவிர, இது தொற்றுவதில்லை. லாரியின் அருகில் நின்றதால் வான்கார்டுக்கு ஒன்றும் ஆகாது. வெப்பமும் ஈரமும் இந்த அரிப்பை விரைவாக்கும் என்பதால், நம் மலைக் குளிர் ஒருவகையில் உதவுகிறது, ஈரம் கெடுக்கிறது. லாரியின் நீளத்தை வெர்னியர் அளவியால் அளந்து குறித்து, நிழற்படமும் எடுத்து வையுங்கள். சில மாதம் கழித்து அளவு கூடியிருந்தால் அரிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதுவரை அதை அடியில் தாங்கித் தூக்குங்கள். கூரையைப் பிடித்துத் தூக்க வேண்டாம்.

பதில் 2: கோடைக்கானல் மூர்த்தி

பஞ்சையும் செய்தித்தாளையும் இன்றே அகற்றுங்கள் ஐயா. பஞ்சு ஈரத்தை உறிஞ்சி உலோகத்தின் மேலேயே பிடித்து வைத்திருக்கும். செய்தித்தாளில் அமிலம் உண்டு. அதற்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் மெத்தை நுரையைப் (ஃபோம்) போட்டு வைப்பவர்களும் உள்ளனர். அந்த நுரை நாளடைவில் சிதைந்து வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத மெல்லிய தாள் நல்லது.

மரப்பெட்டியும் வேண்டாம். மரமும், அதைவிட ஒட்டுப்பலகையும், அமில ஆவியை மெல்ல வெளியிட்டுக்கொண்டே இருக்கும். மூடிய பெட்டிக்குள் அது சேர்ந்து ஈயத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். கண்ணாடி, இரும்பு அலமாரி சிறந்தது. அதனுள் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, ஒரு சிறு ஈரமானியையும் வையுங்கள். ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் கவலையில்லை. நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லில் நீல வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால், பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சு வகையே மேல்.

கோத்தகிரிக்கும் எங்கள் ஊருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. ஆகவே அக்டோபர் தொடங்குவதற்கு முன்பே சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கி உலர்த்திவிடுங்கள். அழகாக இருக்கும் என்று கணப்பு அடுப்பின் மேல்மாடத்தில் கார்களை வரிசையாக நிறுத்தும் வழக்கம் மலை பங்களாக்களில் உண்டு. மாலையில் சூடு, விடியலில் குளிர் என்று மாறும் அந்த இடத்தைவிடக் கெட்ட இடம் வீட்டில் வேறில்லை. அந்துருண்டையும் கூடாது, அதன் ஆவி பிளாஸ்டிக் உறுப்புகளைக் கெடுக்கும்.

பதில் 3: உதகை பழையகார் பிரியர்

வண்ணம் அடிக்கக் கொடுக்கவே வேண்டாம். ஆங்காங்கே பெயர்ந்திருந்தாலும் தொழிற்சாலையில் அடித்த வண்ணத்துக்குத்தான் மதிப்பு. சுரண்டும்போது கதவுக்கோடும் முன்கிராதியும் மழுங்கிவிடும். அடித்தளத் தகட்டைக் கழற்ற அதைப் பிணைக்கும் தறையாணியை (ரிவெட்) துளைத்தால், அந்தத் தழும்பு என்றைக்கும் தெரியும். மட்கிப்போன ரப்பர் டயரை மட்டும் மாற்றலாம். பழையதையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள்.

உங்களிடம் உள்ளவை வெறும் பிரித்தானியக் கார்கள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். டிங்கி 1950இல் வெளியிட்ட மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட், எம்.ஓ. வரிசைக் காரின் உருவம். அதே வண்டிதான் இந்தியாவில் ‘இந்துஸ்தான் 14’ என்ற பெயரில் ஓடியது. முதலில் 40ஜி என்ற எண்ணோடு வந்த இந்த மாதிரி பின்னர் 159 ஆனது. கார்கியின் மாரிஸ் கௌலி இன்னும் நெருக்கமான உறவு. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டாம், மூன்றாம் வரிசைகளின் உடற்கூடுதான் கௌலிக்கும். இரண்டாம் வரிசை இங்கே லேண்ட்மாஸ்டராகவும், மூன்றாம் வரிசை 1957 முதல் அம்பாசடராகவும் வந்தன. மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் வாந்தியோடு அம்பாசடரில் ஏறிவந்த எவரும் அந்த முதுகு வளைவை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கார்கி 1956இல் தொடங்கியபோது வந்த முதல் சில மாதிரிகளில் கௌலியும் ஒன்று. அதுவரை டிங்கி கார்களில் சன்னல்கள் வெறும் ஓட்டைகள். கார்கிதான் தெளிந்த பிளாஸ்டிக் சன்னல்களைப் பொருத்தி, அதையே விளம்பரமாகவும் சொன்னது. அந்த சன்னல் பிளாஸ்டிக் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்; என் பார்வையில் உங்கள் தொகுப்பில் முதலில் காக்க வேண்டியது அதுதான்.

கேள்வியாளர்: கோத்தகிரியான்

மூவருக்கும் நன்றி. கௌலியின் சன்னல் முழுதாக இருக்கிறது. லாரியின் சக்கரக் குடம் வழவழப்பாகவே உள்ளது. பெட்டியின் அடியில் இன்னொரு கார் கிடைத்தது: ஜாகுவார் போலத் தெரிகிறது, வண்ணம் தடிப்பாக அடிக்கப்பட்டுள்ளது, தளத்தில் ‘நிக்கி’ என்றிருக்கிறது. இது போலியா?

பதில் 4: உதகை பழையகார் பிரியர்

போலி என்று சொல்ல முடியாது. டிங்கியின் பழைய அச்சுகள் 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. அவற்றில் வார்த்தவையே நிக்கி டாய்ஸ். தளத்தில் டிங்கி என்ற பெயரை அழித்த வடு தெரிகிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். வார்ப்பும் வண்ணமும் டிங்கியின் லிவர்பூல் தொழிற்சாலை நேர்த்திக்கு எட்டாதவைதான். ஆனால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தனியே தேடுகிறார்கள். துரை கொண்டுவந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் வீட்டில் யாரோ பின்னர் வாங்கிச் சேர்த்திருக்க வேண்டும். பெரியப்பா வீட்டாரிடம் கேட்டு, கிடைக்கும் விவரத்தை ஒரு தாளில் எழுதிக் காருடன் வையுங்கள். லாரியின் அளவையும் இங்கே பதியுங்கள்.