பிரிவினைவாதமா, தன்னரசா? – கலைச்சொல் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். போரை ஏற்காத, தாராளவாதக் கொள்கையுள்ள, தனி நாடு கேட்கும் ஒரு கட்சியைத் தமிழில் எப்படி அழைப்பது? இதுபற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> ‘அகிம்சைப் பிரிவினைவாதக் கட்சி’ என்று எழுதினால் போதாதா?

போதாது. ‘பிரிவினை’ எதிர்ப்பவர் வாயிலிருந்து வரும் சொல். தன் நாட்டுக்கு விடுதலை கேட்டு வாக்குச் சேகரிக்கும் எந்தச் சிறு கட்சியும் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளாது. எழுதுபவர் அந்தச் சச்சரவில் ஒரு தரப்பாகிவிடக் கூடாது. ‘விடுதலை இயக்கம்’ என்றாலோ பலருக்கு ஆயுதம்தான் நினைவுக்கு வருகிறது.

> அப்படியானால் ‘தன்னாட்சிக் கட்சி’?

இதைத்தான் கடுமையாக மறுக்கிறேன். சார்தீனியாவைப் பாருங்கள். இத்தாலியின் அந்தத் தீவுக்கு 1948 முதலே தனிச் சட்டத்தின்படி தன்னாட்சி இருக்கிறது. 1921இல் பிறந்த சார்தீனியச் செயல் கட்சி அப்போது கேட்டது அதைத்தான். 2000களின் தொடக்கத்தில் தோன்றிய ‘இர்ஸ்’ என்ற சார்தீனியக் கட்சி கேட்பது தனிக் குடியரசு. இரண்டு கோரிக்கைக்கும் ஒரே சொல்லை வைத்தால், இவர்கள் ஏன் தனித்தனிக் கட்சிகள் என்பதே வாசகருக்குப் புரியாது. ‘தேசியவாதக் கட்சி’ என்பதும் இங்கே ஒட்டாது. தேசியவாதம் கலக்காத, வன்முறையற்ற விடுதலையே தங்கள் வழி என்பது இர்ஸ் கட்சியினரின் நிலைப்பாடு.

ஆகவே என் பரிந்துரை தன்னரசு. தன்னாட்சி ஒரு நாட்டுக்குள் கிடைக்கும் அதிகாரம். தன்னரசு தனி நாடாகவே நிற்பது. ‘அரசு’ என்றதும் முடியாட்சி நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் அஞ்சுகிறார். நாள்தோறும் ‘மாநில அரசு’ என்று எழுதுகிறோம். அங்கே யாரும் மன்னரைத் தேடுவதில்லை.

அடுத்து ‘அகிம்சை’. அது போராடும் முறை. போரையே ஏற்காத கொள்கைக்கு வேறு சொல் வேண்டும். 1936இல் வேல்ஸின் பெனிபெர்த்தில் குண்டுவீச்சுப் பயிற்சித் தளத்துக்குத் தீ வைத்த, பிளைட் கம்ரி என்ற வேல்ஸ் கட்சியைச் சேர்ந்த மூவர், தாங்களே காவல் நிலையத்துக்குச் சென்று விவரம் சொன்னார்கள். 9 மாதச் சிறை பெற்றார்கள். தீ வைத்தது அகிம்சையா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் 1945 முதல் 1981 வரை அதே கட்சிக்குத் தலைமை தாங்கிய க்வின்ஃபோர் எவன்ஸ், இரண்டாம் உலகப் போரில் படைச் சேவையையே மறுத்தவர். அவரிடம் இருந்தது போர்மறுப்பு. ‘அமைதிவாதம்’ என்பதில் அந்த மறுப்பு கேட்கவில்லை. அமைதி என்றால் பேசாமல் இருப்பது என்றும் பொருள் உண்டே.

சார்தீனியாவில் தன்னரசு, போர்மறுப்பு என்ற இந்த இரண்டு சொற்களும் சேர்ந்தே வர வேண்டியிருக்கிறது. கிர்ராவிலும் தெவுலாதாவிலும் பெரிய இராணுவப் பயிற்சிக் களங்கள் இருக்கின்றன. லா மத்தலேனாவில் 1972 முதல் 2008 வரை அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான தளம் இருந்தது. இந்த மண்ணில் யார் குண்டு போட்டுப் பழகலாம் என்ற கேள்வியும் இந்த மண்ணை யார் ஆள்வது என்ற கேள்வியும் அங்கே பிரிக்க முடியாதவை.

‘தாராளவாதம்’ நிலைத்துவிட்ட சொல். அதைத் தொட வேண்டாம். முழுத்தொடர்: போர்மறுப்புத் தாராளவாதத் தன்னரசுக் கட்சி. நீளம்தான், ஆனால் பொருள் பிசகவில்லை.

ஆளைக் குறிக்க ‘தன்னரசுவாதி’யா, ‘தன்னரசாளர்’ஆ? பன்மையிலும் வேற்றுமை உருபு ஏற்கும்போதும் இடறாததால் எனக்கு முதலாவதே பிடித்திருக்கிறது. மறுப்பவர்கள் ஓர் எடுத்துக்காட்டுத் தொடருடன் எழுதுங்கள்.