ரோமியோ கடிதம் கேட்டது ஒரு முறையா, இரண்டு முறையா?

கல்தூண்:
"ஒரு நிமிஷம் நிதானமாக யோசித்திருந்தால் ரோமியோவும் ஜூலியட்டும் பிழைத்திருப்பார்கள், காதல் கண்ணை மறைத்துவிட்டது" என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு எத்தனை பேர் தலையாட்டல்! ஷேக்ஸ்பியர் நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியை ஒருவராவது புரட்டினீர்களா? நாடு கடத்தப்பட்டு மாந்துவா நகரில் இருக்கும் ரோமியோவிடம், ஜூலியட் இறந்துவிட்டாள் என்ற செய்தியோடு வெரோனாவிலிருந்து அவன் வேலைக்காரன் பால்தசார் வருகிறான். "துறவியிடமிருந்து கடிதம் உண்டா?" என்று ரோமியோ அவனிடம் இரண்டு முறை கேட்கிறான். இரண்டு முறை! அறிவு மழுங்கியவன் ஆதாரம் கேட்க மாட்டான்.

மேகலை_வா:
புரட்டியதால்தான் சொல்கிறேன். முதல் தடவை கேட்டது சாவுச் செய்தி காதில் விழுவதற்கு முன்பு. கடிதம் உண்டா, அவள் எப்படி இருக்கிறாள், அப்பா நலமா என்று ஊரிலிருந்து வந்தவனிடம் எல்லாரும் கேட்கிற கேள்விகளில் அதுவும் ஒன்று. செய்தி கேட்ட பின் கேட்டது ஒரே ஒரு முறை. அதுவும் எப்போது? காகிதமும் மையும் கொண்டு வா, குதிரை பிடி, இன்றிரவே கிளம்புகிறேன் என்று உத்தரவு போட்ட பிறகு. குதிரை முதலில், கடிதம் அப்புறம். முடிவெடுத்துவிட்டு ஆதாரம் கேட்பதற்குப் பெயர் அறிவா?

கல்தூண்:
ஒரு முறை என்றாலும் கேட்டான் அல்லவா? ஏன் கேட்டான் என்பதைச் சொல்லாமல் தாண்டிவிட்டீர்களே. மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியில், ரோமியோவை நாடு கடத்தியபின், இருவருக்கும் ரகசியமாகக் கல்யாணம் செய்துவைத்த துறவி லாரன்ஸ் ஒரு வாக்குக் கொடுக்கிறார்: உன் ஆளைக் கண்டுபிடித்து அவன் வழியாகவே அவ்வப்போது சேதி அனுப்புகிறேன் என்று. ஏற்பாடு அது. வந்தவன் அதே ஆள். அவன் கையில் கடிதம் இல்லை என்றால் துறவி சொல்ல எதுவும் இல்லை என்றுதான் எவனும் முடிவுக்கு வருவான். போதாததற்கு, அவளைக் குடும்பக் கல்லறையில் கிடத்தியதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் பால்தசார் சொல்கிறான். அவள் உண்மையில் சாகவில்லை, மருந்தால் செத்தவள் போலக் கிடக்கிறாள் என்று சொல்லும் கடிதத்தை, ஏற்பாட்டை மாற்றி ஜான் என்ற வேறொரு துறவியிடம் கொடுத்தது லாரன்ஸ். தவறு அங்கே.

தாளடி:
லாரன்ஸ் பெயர் வந்துவிட்டதால் ஒரு கணக்கு. அவர் ஜூலியட்டுக்குக் கொடுத்த அந்த மருந்தின் வேகம் 42 மணி நேரம். புதன் இரவு குடி என்றுதான் ஜூலியட்டிடம் சொன்னார். அவள் அப்பா வேறொருவனோடு நிச்சயித்த வியாழக்கிழமைக் கல்யாணத்தைப் புதனுக்கு இழுத்துவிட்டதால் செவ்வாய் இரவே குடித்துவிட்டாள். பத்து மணி என்று வைத்துக்கொண்டால் வியாழன் மாலை நாலு மணிக்கு எழ வேண்டும். அவள் விழிக்கும் கல்லறைக் காட்சியோ இரவில், தீவட்டி வெளிச்சத்தில் நடக்கிறது. யாருடைய அறிவை நம்புவது?

கல்தூண்:
தாளடி, மணிக்கணக்குக்குத் தனி இழை போடுங்கள். போன மாதமும் அங்க எண்ணை மாற்றிச் சொல்லி மாட்டிக்கொண்டவர்தானே நீங்கள். இங்கே பேச்சு கடிதம்.

தாளடி:
அங்க எண் அச்சுப்பிழை, அன்றைக்கே திருத்திவிட்டேன். 42ஐக் கூட்டிப் பார்க்க உங்களுக்கு ஏன் இவ்வளவு பயம்?

மேகலை_வா:
கல்தூண், உங்கள் ஏற்பாட்டையே எடுத்துக்கொள்வோம். துறவியின் சேதியைச் சுமந்து வர வேண்டிய ஆள் வெறுங்கையோடு வந்தால் சந்தேகம் அல்லவா வர வேண்டும்? துறவி இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் இருப்பாரா என்று கேட்க வேண்டாமா? கடிதம் இல்லை என்று பால்தசார் சொன்னதும் ரோமியோவின் பதில் 'நோ மேட்டர்', அவ்வளவுதான். முகம் வெளுத்துக் கிடக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று அந்த வேலைக்காரன் கெஞ்சுகிறான். அவனுக்குத் தெரிந்தது இவனுக்குத் தெரியவில்லை. கல்லறையிலும் அதே கதை. அவள் உதட்டிலும் கன்னத்திலும் சிவப்பு இருக்கிறது என்று தன் வாயாலேயே சொல்கிறான். சொல்லிவிட்டு விஷத்தைக் குடிக்கிறான்!

பழைய_பதிப்பு:
'நோ மேட்டர்' என்பதைப் 'பரவாயில்லை' என்று தமிழில் போட்டால் அலட்சியம். 'போகட்டும்' என்றால் கைவிட்ட மனம். நான் 'போகட்டும்' பக்கம்.

மேகலை_வா:
போகட்டுமோ பரவாயில்லையோ, குதிரை முதலில் வந்துவிட்டது.

கல்தூண்:
மறுபடியும் குதிரை. சரி, அடுத்து அவன் செய்கிறதைப் பாருங்கள். மாந்துவாவில் விஷம் விற்றால் மரண தண்டனை. விற்கத் துணிகிறவன் வயிறு காய்ந்தவனாகத்தான் இருப்பான் என்று, முன்பே பார்த்து வைத்த ஏழை மருந்துக் கடைக்காரனை நினைவுபடுத்திக்கொள்கிறான். விடுமுறை நாள், கடை சாத்தியிருக்கிறது, கூப்பிட்டு வெளியே வரவழைக்கிறான். 40 டுகாட் பொற்காசு நீட்டுகிறான். அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறான். கல்லறையைப் பெயர்க்க மண்வெட்டியும் கடப்பாரையும் மறக்காமல் எடுத்துப் போகிறான். உணர்ச்சியில் தலை சுற்றுகிறவனுக்கு இத்தனையும் ஞாபகம் இருக்குமா?

மேகலை_வா:
எப்படிச் சாவது என்பதில் அறிவு ஓடுகிறது. சாக வேண்டுமா என்பதில் ஓடவே இல்லை. நீங்கள் முதலாவதைக் காட்டி இரண்டாவதை நிரூபிக்கிறீர்கள். ஜூலியட்டைப் பாருங்கள், குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்குகிறாள். மருந்து வேலை செய்யாவிட்டால்? பக்கத்தில் கத்தி. கல்யாணம் செய்துவைத்ததை மறைக்கத் துறவி விஷமே கொடுத்திருந்தால்? ரோமியோ வருமுன் கல்லறையில் விழித்து மூச்சு முட்டினால்? யோசனை என்றால் அது. பதின்நான்கு வயது நிறையாத பெண்.

பழைய_பதிப்பு:
வயது என்றதும் ஒன்று. ஆர்தர் புரூக் 1562ல் எழுதிய மூலக் கவிதையில் அவளுக்குப் பதினாறு நெருங்கியிருக்கும், கதையும் மாதக்கணக்கில் நகரும். ஷேக்ஸ்பியர் அதைச் சில நாட்களுக்குள் அடைத்தார். அவசரம் அவரே வைத்தது.

தாளடி:
எத்தனை நாள் என்று எண்ணத்தான் 42 மணி வேண்டும் என்கிறேன்.

கல்தூண்:
புரூக் வேண்டாம், 42ம் வேண்டாம். ஜானைக் கொள்ளைநோய் பயத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துக் கதவை அடைத்துவிட்டார்கள். கடிதம் வெரோனாவை விட்டே நகரவில்லை. அதைத் திருப்பி அனுப்பக்கூட ஓர் ஆள் கிடைக்கவில்லை. அது ரோமியோ கையில் கிடைத்திருந்தால் இந்த 'உணர்ச்சி' என்ற பேச்சே எழுந்திருக்காது. கேட்டான். இரண்டு முறை கேட்டான்.

மேகலை_வா:
ஒரு முறை. அதுவும் குதிரைக்கு அப்புறம்.

கல்தூண்:
முதல் கேள்வியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று எந்த உரையாசிரியர் சொன்னார்? பெயர் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.