தில்லியில் அகற்றப்பட்ட பேருந்துத் தடம் அகமதாபாத்தில் நிலைத்தது ஏன்?

கேள்வி: நகரமைப்பு மாணவி

அனைவருக்கும் வணக்கம். நகரமைப்பில் முதுகலை படிக்கும் நான், சாலையின் நடுவே பேருந்துகளுக்கென்று தனித்தடம் ஒதுக்கும் முறையைப் பற்றி ஆய்வேடு எழுதத் தொடங்கியிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி மட்டும் விடாமல் துரத்துகிறது.

தில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. நீளத்துக்கு அமைக்கப்பட்ட தடம் 2008 ஏப்ரலில் ஓட்டத்துக்கு வந்தது. அந்தத் தடத்தில் எல்லா வாகனங்களையும் அனுமதிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கு 2012-இல் தள்ளுபடியானது. ஆனாலும் 2015-இல் அதைக் கைவிட அரசு முடிவு செய்து, அடுத்த ஆண்டே அகற்றிவிட்டது. அகமதாபாத்தின் பேருந்துத் தடமான ஜன்மார்க் 2009 அக்டோபரில் 12.5 கி.மீ. தொலைவுடன் தொடங்கி, இன்று 80 கி.மீ.க்கும் மேல் விரிந்திருக்கிறது. ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே காலம், இரண்டுமே சாலை நடுவில் அமைந்த தடங்கள்.

தில்லியில் கார் வைத்திருப்போரின் செல்வாக்கு அதிகம், அதனால்தான் அது தோற்றது என்று பலரும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. வடிவமைப்பில் ஏதும் வேறுபாடு இருந்ததா? இத்துறையில் பணியாற்றியவர்களும் இவ்விரு ஊர்களில் வாழ்ந்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற போக்குவரத்துப் பொறியாளர்

அம்மா, நல்ல கேள்வி. தடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தடத்தையே பார்க்கிறார்கள். ஆனால் பேருந்துத் தடம் வாழ்வதும் சாவதும் சந்திப்புகளில்தான் என்பது என் உறுதியான கருத்து.

நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்கின்றன. பேருந்துத் தடம் சாலையின் நடுவில் இருந்தால், வலப்புறம் திரும்ப வேண்டிய கார் ஒவ்வொன்றும் அந்தத் தடத்தைக் குறுக்கே கடந்தாக வேண்டும். நேராகச் செல்லும் பேருந்துக்கும் வலப்புறம் திரும்பும் காருக்கும் ஒரே நேரத்தில் பச்சை விளக்குக் காட்ட முடியாது. ஆகவே சிக்னலில் கூடுதல் கட்டங்களைச் சேர்க்க நேரிடுகிறது. ஒவ்வொரு கட்டம் மாறும்போதும் மஞ்சள் விளக்குக்கும், எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவெளிக்குமாக ஐந்தாறு நொடிகள் எவருக்கும் பயன்படாமல் கழிகின்றன. ஆறு கட்டங்கள் இருந்தால், எல்லாக் கட்டங்களும் ஒருமுறை வந்து முடியும் ஒரு சுழற்சியில் அரை நிமிடம் அப்படியே வீணாகும். அந்த வீணைச் சரிக்கட்டச் சுழற்சியை நீட்டுவார்கள். நீட்ட நீட்டச் சிவப்பில் நிற்கும் நேரமும் நீளும். கணக்குக்காக ஒன்று சொல்கிறேன்: சுழற்சி 4 நிமிடம், அதில் பேருந்துக்குரிய பச்சை 40 நொடி என்றால், பச்சையைத் தவறவிட்ட பேருந்து அடுத்த பச்சைக்காக 200 நொடிகள் நிற்க வேண்டும். தனித்தடத்தில் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அந்த ஒரு சந்திப்பிலேயே கரைந்துவிடும். தில்லித் தடத்தில் சிராக் தில்லி சந்திப்பைப் பற்றி எழுந்த முறையீடுகளுக்கு வேர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இதன்மேல் இன்னொன்றும் சேர்ந்தது. தில்லியில் நிறுத்தங்களைச் சந்திப்புக்குச் சற்று முன்னால், சிக்னல் கோட்டை ஒட்டி அமைத்தார்கள். சிவப்பில் எப்படியும் நிற்கப்போகும் பேருந்து அந்த நேரத்திலேயே பயணிகளை ஏற்றி இறக்கிக்கொள்ளட்டும் என்பதே எண்ணம்; தாளில் பார்த்தால் அழகான யோசனை. ஆனால் அது திறந்த முறைத் தடம். பழைய வண்டி, புதிய வண்டி, நகரின் பல மூலைகளிலிருந்து வரும் பல வழித்தட வண்டிகள் என எல்லாம் அதே தடத்தில் புகுந்தன. வண்டிகள் வரிசையாக நின்றபோது பின்னால் நின்றவை நிறுத்தத்தை எட்டும் முன்பே பச்சை முடிந்தது, அல்லது ஒரே நிறுத்தத்துக்கு இரண்டு முறை நிற்க நேர்ந்தது. முந்திச் செல்லத் துணைத்தடம் இல்லாததால், ஒரு வண்டி பழுதாகி நின்றால் அதன் பின்னால் வந்த எல்லாமே நின்றன.

அகமதாபாத்தில் இந்த முடிச்சுகளில் சிலவற்றை முன்கூட்டியே அவிழ்த்தார்கள். செப்ட் பல்கலைக்கழகத்தின் துணையுடன் திட்டமிட்ட அந்தக் குழு மூடிய முறையைத் தேர்ந்தெடுத்தது. தடத்துக்கென்றே வாங்கிய பேருந்துகள் மட்டும் உள்ளே ஓடும். இரு திசைகளுக்கும் பொதுவாக நடுவில் ஒரே நிலையம் இருக்கும். அதற்கேற்ப வண்டிக்கு வலப்புறம் கதவு இருக்கும். நிலையத்தின் தளமும் வண்டியின் தளமும் ஒரே உயரத்தில் இருக்கும். டிக்கெட்டை நிலையத்துக்குள் நுழையும்போதே வாங்கிவிட வேண்டும். வெளிநாட்டு நூல்கள் முன்கூட்டியே டிக்கெட் வாங்குவதைப் பெரிதாகப் புகழும். நடத்துநர் உள்ளே வந்து டிக்கெட் கொடுக்கும் நம் வழக்கத்தில் அதனால் மிச்சமாகும் நேரம் அவ்வளவு பெரிதல்ல. இங்கே உண்மையான ஆதாயம் படியேறாமல் உள்ளே நுழைவதுதான். கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும், முழங்கால் வலியுள்ள முதியவருக்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அந்தச் சமதளத்தின் அருமை தெரியும்.

மறுமொழி 2: முன்னாள் தில்லிவாசி

ஐயா சொன்ன சந்திப்புக் கணக்கை ஏற்கிறேன். அந்தத் தடத்தில் நான்கு ஆண்டுகள் நாள்தோறும் பேருந்தில் சென்றவன் என்ற முறையில் மேலும் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

அதில் நல்லதும் இருந்தது. சாலையின் இரு ஓரங்களிலும் மிதிவண்டிகளுக்கென்று பிரித்த பாதையும் தொடர்ச்சியான நடைபாதையும் அமைத்திருந்தார்கள். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் மிதிவண்டியில் சென்றவர்கள் முதன்முறையாக லாரிக்கும் காருக்கும் அஞ்சாமல் சென்றார்கள். தடத்தை அகற்றியபோது செய்திகளில் இடம்பெற்றது காரோட்டிகளின் நிம்மதி. மிதிவண்டிக்காரர்களைப் பற்றி எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இரண்டாவதாக, காரில் அமர்ந்து சிவப்பில் காத்திருப்பவருக்குப் பக்கத்துத் தடம் எப்போதும் காலியாகவே தெரியும். நிமிடத்துக்கு ஒரு பேருந்து, அதில் 60 பேர் என்றால் மணிக்கு 3,600 பேர் ஒரு திசையில் செல்கிறார்கள். ஆனால் அந்த நிமிடத்தில் ஐம்பது நொடிகளுக்கு மேல் தடம் வெறுமையாகத்தான் இருக்கும். வெறுமையாக இருப்பதே அது ஒழுங்காக ஓடுகிறது என்பதற்கு அடையாளம் என்பதை மக்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். விளக்கியவர்கள் மிகச் சிலரே. அந்தக் காட்சி நாள்தோறும் கண்ணை உறுத்தி, வழக்காக மாறி, பிறகு அரசின் முடிவாகவும் மாறியது.

நீளமும் ஒரு காரணம். 5.8 கி.மீ. என்பது எந்தப் பயணியின் முழுப் பயணமும் அல்ல. தடத்துக்குள் ஐந்து நிமிடம் மிச்சப்படுத்திய பேருந்து மூல்சந்தைத் தாண்டியதும் மற்ற வாகனங்களோடு நெரிசலில் நின்றுவிடும்போது, தடத்தின் பயனை உணர்ந்து அதற்காகக் குரல் கொடுக்கப் பயணிகளில் யார் முன்வருவார்கள்?

மறுமொழி 3: மணிநகர் வாசி

அகமதாபாத் மணிநகரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. நானும் அவர்களில் ஒருத்தி. ஜன்மார்க் எங்களுக்குப் பெரிய வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நிலைத்துவிட்டது என்பதை வைத்து அது முழுமையாகிவிட்டது என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள் என்று தங்கையிடம் கேட்டுக்கொள்கிறேன்.

நிலையம் சாலை நடுவில் இருக்கிறது. அதை அடைய ஓரத்திலிருந்து இரண்டு மூன்று தட வாகனங்களைக் கடக்க வேண்டும். பல இடங்களில் நடைபாதையில் வண்டிகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. வரைபடத்தில் இருந்த மிதிவண்டிப் பாதை பல இடங்களில் நடைமுறையில் இல்லை. வீட்டிலிருந்து நிலையத்துக்குச் செல்லும் அந்த 500 மீட்டரில் பள்ளமும் இருட்டும் இருந்தால், நிலையத்துக்கு அப்பால் எவ்வளவு அருமையான பேருந்து ஓடினாலும் பெண்களும் முதியவர்களும் ஆட்டோவைத்தான் அழைப்பார்கள்.

இன்னொரு குறை பழைய நகரப் பேருந்தோடு உள்ள உறவு. 1947 முதல் ஓடும் ஏ.எம்.டி.எஸ். பேருந்துகளும் ஜன்மார்க்கும் ஒரே மாநகராட்சியின் கீழ்தான் வருகின்றன. ஆனாலும் நெடுங்காலம் இரண்டும் தனித்தனி அமைப்புகளாகத் தனித்தனிக் கட்டணத்தோடு ஓடின. சந்துகளிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்து தடத்தில் விட வேண்டிய வண்டி, தடத்துக்கு இணையாக ஓடிப் போட்டியிட்டால் இரண்டுக்கும் இழப்பு. இணைப்புப் பேருந்தைப் பற்றித் திட்டத்தின் முதல் நாளிலேயே யோசித்திருக்க வேண்டும்.

மீண்டும் நகரமைப்பு மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன அந்த 500 மீட்டரை ஆய்வேட்டில் தனி இயலாகவே எழுதப்போகிறேன். ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவிலும் தடம் சாலை நடுவில்தான் இருக்கிறது. அங்கே சந்திப்புச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள்? அதோடு, எல்லாப் பேருந்துகளையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டால் தனித்தடமே வேண்டாம் என்று சிலர் சொல்வது சரிதானா?

மறுமொழி 4: ஓய்வுபெற்ற போக்குவரத்துப் பொறியாளர்

பின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். சீனாவின் ஷென்சென் நகரம் 2017 முடிவுக்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளையும் மின்சாரத்துக்கு மாற்றியது; புகையும் இரைச்சலும் குறைந்தது பெரும் சாதனை. ஆனால் நெரிசலில் நிற்கும் மின்பேருந்தும் நெரிசலில்தான் நிற்கிறது. ஒரு நடை போய்வர இரண்டு மணி நேரம் எடுக்கும் வண்டி, தனித்தடத்தில் ஒன்றரை மணி நேரத்தில் திரும்பினால், அதே எண்ணிக்கை வண்டிகளைக் கொண்டு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நடைகளை இயக்கலாம். விலை மிகுந்த மின்பேருந்துக்குத்தான் தனித்தடம் இன்னும் அதிகமாகத் தேவை.

பொகோட்டாவில் டிரான்ஸ்மிலேனியோ என்ற தனித்தடப் பேருந்து அமைப்பு 2000 டிசம்பரில், என்ரிக்கே பெனலோசா மேயராக இருந்தபோது தொடங்கியது. அங்கே வாகனங்கள் வலப்புறமாகச் செல்வதால், நமக்கு வலப்புறம் திரும்புவது எதுவோ அவர்களுக்கு அது இடப்புறம் திரும்புவது. முதன்மைத் தடங்களில் அப்படிக் குறுக்கே திரும்புவதைப் பெருமளவு தடுத்து, சுற்றிவரச் செய்தார்கள். சிக்னலில் கட்டங்கள் குறைந்தன. நிலையங்களில் முந்திச் செல்லத் துணைத்தடம் வைத்ததால், எல்லா இடத்திலும் நிற்கும் வண்டியைத் தாண்டி விரைவு வண்டி சென்றது. அதற்கு முன்பு தனியார் பேருந்து ஓட்டுநர்களின் வருமானம் ஏற்றிய ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து இருந்ததால், ஒருவரையொருவர் முந்தும் ஓட்டம் ஓயாமல் நடந்தது. புதிய முறையில் இயக்குநர்களுக்கு ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் தந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் இன்று அங்கே தாங்க முடியாத கூட்டம் என்று மக்கள் குமுறுகிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஆய்வேட்டுக்காகக் களத்துக்குச் செல்லும்போது, ஒரு சந்திப்பில் காலை 8 மணி முதல் 10 மணி வரை நின்று, ஒவ்வொரு பச்சையிலும் எத்தனை வண்டிகள் கடந்தன என்பதோடு எத்தனை மனிதர்கள் கடந்தார்கள் என்பதையும் தனிப் பத்தியில் எண்ணுங்கள். சாலையைக் கடக்கக் காத்திருந்து, பச்சை போதாமல் நடுவில் நின்றுவிட்ட நடையாளிகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்; நான் பணியில் இருந்தவரை எங்கள் படிவத்தில் அந்தப் பத்தி இருந்ததே இல்லை.