வீட்டுச் சாமானை ஆன்லைன் ஏலத்தில் விற்கிறீர்களா? இரண்டாவது ஆளை நினைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: அக்காமார், அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இங்கே வந்து ஒன்பது மாதம் ஆகிறது. அடுத்த மாதக் கடைசியில் சின்ன வீட்டுக்கு மாறுகிறோம். ஒரு பழைய பிலிம் கேமரா, ஓடாத ஊசல் கடிகாரம், மேசை விளக்கு, கண்ணாடிக் கதவு வைத்த புத்தக அலமாரி, ஒரு போன் ஆகியவற்றைக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறோம். ஏலத்தில் போட்டால் நல்ல விலை வரும் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். இதுவரை எதையும் விற்றுப் பழக்கமில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: தம்பி, ஐந்தையும் ஏலத்தில் போடாதீர்கள். இரண்டைப் போடுங்கள், அல்லது மூன்று. ஏன் என்று சொல்கிறேன்.

ஏலத்தில் விலையை முடிவு செய்வது அந்தப் பொருள்மேல் ரொம்ப ஆசை வைத்தவர் அல்ல, அவருக்கு அடுத்தபடியாக ஆசைப்படுகிறவர். ஈபே போன்ற தளங்களில் ஏலம் கேட்பவர் தான் எதுவரை போகத் தயார் என்பதை முன்கூட்டியே பதிந்துவிடலாம். தேவைப்படும் அளவுக்கு மட்டும் தளமே அவருக்காக ஏற்றிக்கொண்டு போகும். ஒருவர் 100 வரை தரத் தயார், இன்னொருவர் 60 வரை, ஒவ்வொரு முறையும் ஏற்ற வேண்டிய படி 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருள் 62க்குப் போகும். அந்த 60க்காரர் வராமலே போனால், நீங்கள் வைத்த தொடக்க விலைக்கே முடிந்துவிடும். முதல் ஆள் மனதில் 100 இருந்த விஷயம் உங்கள் காதுக்கு எட்டாது.

அதனால் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, ‘இதற்கு இரண்டாவது ஆள் இருக்கிறாரா?’ என்று கேட்டுப் பாருங்கள். கேமராவுக்கு இருக்கிறார். மாடல் பெயரைப் போட்டுத் தேடிக்கொண்டே இருக்கும் சேகரிப்பாளர்கள் எங்கெங்கோ இருப்பார்கள். கடிகாரத்துக்கும் இருக்கிறார். அலமாரிக்கு இல்லை. நேரில் வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டிய பொருள் என்பதால், வண்டி வைத்திருக்கிற, பக்கத்தில் குடியிருக்கிற ஒருவர்தான் வாங்க முடியும். அப்படிப்பட்டவர்கள் இருவர் ஒரே வாரத்தில் உங்கள் அலமாரியைத் தேடுவது அபூர்வம். அதை நிலையான விலை போட்டு அக்கம்பக்கத்தில் விற்றுவிடுங்கள். வீட்டு உரிமையாளர் சாமானோடு வாடகைக்கு விட்ட வீடென்றால், அந்த அலமாரி உங்களுடையதுதானா என்று ஒப்பந்தத்தோடு இருக்கும் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். போனுக்குச் சந்தை விலை எல்லோருக்கும் தெரியும், அதற்கும் நிலையான விலையே போதும். விளக்கைத் திருப்பி அடியில் பாருங்கள். தயாரிப்பாளர் முத்திரை இருந்தால் ஏலம், இல்லாவிட்டால் வேண்டாம்.

கடிகாரம் ஓடவில்லையே என்று தயங்க வேண்டாம். 1995இல் ஈபேயைத் தொடங்கிய பியர் ஒமிடியார் அதில் முதலில் விற்ற பொருள் ஓர் உடைந்த லேசர் பாயிண்டர். 14.83 டாலருக்குப் போனது. உடைந்தது என்று தெரிந்துதான் கேட்டீர்களா என்று அவர் விசாரிக்க, உடைந்த லேசர் பாயிண்டர்களைத்தான் சேகரிக்கிறேன் என்று வாங்கியவரிடமிருந்து பதில் வந்ததாகச் சொல்வார்கள். ஓடாத கடிகாரத்தை வாங்குகிறவர் ஓடாது என்று தெரிந்தே வாங்குவார். பழுது பார்க்கிறவராக இருக்கலாம், உதிரிப் பாகம் தேடுகிறவராக இருக்கலாம். ‘ஓடவில்லை, பாகங்களுக்காக’ என்று தலைப்பிலேயே எழுதுங்கள். அதை உள்ளே நாலாவது வரியில் ஒளித்து வைத்தால்தான் சண்டை வரும்.

விலை விஷயத்தில் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஓர் இடத்தில் தவறுகிறார்கள். மற்ற விற்பனையாளர்கள் போட்டிருக்கும் விலையைப் பார்த்துவிட்டு அதுதான் மதிப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். விற்பவர் போடுகிற விலை வெறும் ஆசை. தேடல் பக்கத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கும், அதைத் தட்டுங்கள். அதே மாடல் எந்த நிலையில் எவ்வளவுக்குப் போனது என்று பத்துப் பதினைந்தைப் பார்த்தாலே கை பழகிவிடும். அந்தப் பட்டியலில் நிறையப் பேர் போட்டி போட்ட பொருள் என்றால் தொடக்க விலையைத் தாழ்வாக வையுங்கள், கூட்டம் வரும். ஒன்றிரண்டு பேர் மட்டும் கேட்ட பொருள் என்றால், இதற்குக் கீழே போனால் மனம் வலிக்கும் என்று உங்களுக்குத் தோன்றுகிற தொகையையே தொடக்கமாக வையுங்கள். ரிசர்வ் விலை என்று ஒன்று உண்டு, கேட்பவர்களுக்குக் காட்டாமல் நீங்கள் வைக்கும் குறைந்தபட்ச விலை; அதை எட்டாவிட்டால் விற்க வேண்டியதில்லை. எனக்கு அது பிடிப்பதில்லை. மறைத்து வைத்த எண் இருக்கிறது என்று தெரிந்ததும் பலர் விலகிப் போய்விடுகிறார்கள்.

ஏலப் பதிவுக்கு வைக்கும் தலைப்புக்கு வருகிறேன். நாம் படித்த ஆங்கிலம் இங்கே நம்மைக் கவிழ்க்கும். நம் வீடுகளில் காட் (cot) என்றால் பெரியவர்கள் படுக்கும் கட்டில். பிரிட்டனில் அதே சொல் குழந்தைத் தொட்டிலைக் குறிக்கும், அமெரிக்காவில் மடக்கு கட்டிலை. நம் பீரோ (bureau) இரும்பு அலமாரி. பிரிட்டிஷ்காரருக்கு அது எழுதும் மேசை, அமெரிக்கருக்கு இழுப்பறைகள் வைத்த பெட்டி. நீங்கள் கட்டிலை விற்கிறீர்கள், தொட்டில் தேடுகிற தாய் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். அதே மாதிரிப் பொருளை அந்த நாட்டுக்காரர்கள் என்ன பெயரில் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர், மாடல் எண், நிறம், அளவு இவைதான் தலைப்பில் வேண்டும். ‘அருமையான’, ‘அழகான’ என்று யாரும் தேடுவதில்லை.

படம், விவரம் இரண்டும் சேர்ந்துதான் தொட்டுப் பார்க்க முடியாதவருக்குக் கை. கேமராவையே எடுத்துக்கொள்வோம். லென்ஸைக் கழற்ற முடிந்தால் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்திவலை மாதிரி நூல் ஓடியிருந்தால் அது பூஞ்சை. மங்கலாகப் பனி படர்ந்தது போலிருந்தால் அதையும் எழுதுங்கள். பேட்டரி அறையைத் திறந்து பச்சையோ வெள்ளையோ பொருக்குப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பின்கதவு ஓரத்தில் இருக்கும் கறுப்பு நுரைப்பட்டை பழைய கேமராக்களில் பிசுபிசுத்துப் போயிருக்கும், விவரம் தெரிந்தவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஷட்டரை வெவ்வேறு வேகத்தில் தட்டிக் கேளுங்கள். பிலிம் போட்டுச் சோதிக்கவில்லை என்றால் சோதிக்கவில்லை என்றே எழுதுங்கள், ‘நன்றாக வேலை செய்யும்’ என்று எழுதாதீர்கள். கீறலுக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து அதையும் படமெடுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும். பின்னால் கடிதமோ பில்லோ கிடந்து, அதில் உங்கள் முகவரி தெரிகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

விளக்கோ வேறு மின்சாதனமோ இன்னொரு நாட்டிலிருந்து கொண்டுவந்தது என்றால் அடியில் இருக்கும் லேபிளைப் படமெடுத்துப் போடுங்கள். 220–240 வோல்ட் என்று மட்டும் இருப்பதை 120 வோல்ட் நாட்டில் சாதாரணப் பொருளாக விற்பது நியாயமில்லை. 100–240 என்று இருந்தால் பிளக் மட்டும்தான் வேறு, அதையும் சொல்லிவிடுங்கள்.

அனுப்பும் செலவில் நான் ஒருமுறை நன்றாகப் பட்டேன். ஒரு பெரிய விளக்குக் கூண்டு, ஒன்றரைக் கிலோகூட இருக்காது. எடையைப் பார்த்துத் தபால் கட்டணம் போட்டு விற்றுவிட்டேன். பெட்டி கட்டி எடுத்துக்கொண்டு போனால் கூரியரில் 16 கிலோவுக்குப் பணம் கேட்டார்கள். தவறு அவர்கள்மேல் இல்லை. பெரிய பெட்டிகளுக்குக் கன அளவைப் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பல நிறுவனங்கள் 5000ஆல் வகுக்கின்றன. என் பெட்டி 50, 40, 40. பெருக்கினால் 80,000, வகுத்தால் 16. விளக்குக் கூண்டு விற்று வந்த பணமும் போய், கையிலிருந்தும் போட்டு அனுப்பினேன். அன்றிலிருந்து ஏலத்தில் போடுவதற்கு முன்பே பெட்டியைக் கட்டி, அளந்து, கட்டணம் பார்த்துவிட்டுத்தான் பதிவே போடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கடிகாரத்தின் ஊசலைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். அப்படியே விட்டால் வழியெல்லாம் ஆடி உள்ளே இருப்பதை நொறுக்கிவிடும். மூடிய பெட்டியைக் குலுக்கினால் உள்ளே எதுவும் நகரக் கூடாது. கண்காணிப்பு எண் இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள். ‘வந்து சேரவில்லை’ என்று ஒருவர் சொன்னால் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

வியாழன் மாலை 10 நாள் ஏலமாகத் தொடங்கினால் இரண்டு வார இறுதிகள் உள்ளே வரும், ஞாயிறு மாலை முடியும். மக்கள் வீட்டில் இருக்கும் நேரம். கடைசி நாள்வரை யாருமே கேட்கவில்லையே என்று பதறி நடுவில் நிறுத்திவிடாதீர்கள். ஆல்வின் ராத், ஆக்செல் ஒக்கென்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து 2002இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஈபே மாதிரி குறித்த நொடியில் ஏலம் மூடப்படும் இடத்தில் கேட்பவர்கள் கடைசி நிமிடங்கள்வரை காத்திருக்கிறார்கள் என்று அதில் காட்டினார்கள். எத்தனை பேர் அந்தப் பொருளைக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணைப் பாருங்கள், அது ஏறிக்கொண்டிருந்தால் போதும்.

உங்களுக்கு நாள் குறைவாக இருப்பதால், கணக்கை இன்றைக்கே தொடங்குங்கள். நம் பெயர் ஒரு தொல்லை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், வங்கியில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கும், தளத்தில் நீங்கள் முதலெழுத்து போட்டுப் பதிந்திருப்பீர்கள். மூன்றும் ஒத்துப் போகாவிட்டால் பணம் உங்கள் கணக்குக்கு வராமல் நின்றுவிடலாம். வங்கியில் எப்படி இருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே கொடுங்கள். புதிதாக விற்பவர்களுக்குப் பணத்தைச் சில காலம் பிடித்து வைப்பதும் உண்டு. முதலில் சின்னதாக ஒன்றிரண்டு வாங்கி, நல்ல மதிப்புரை சேர்த்துக்கொண்டால் கேட்பவர்களுக்கும் நம்பிக்கை வரும்.

ஏமாற்றுக்காரர்கள் புதிய கணக்குகளைத்தான் குறிவைப்பார்கள். ‘தளத்துக்கு வெளியே முடித்துக்கொள்வோம்’ என்றால் மறுத்துவிடுங்கள். ‘கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்’ என்றால் மறுத்துவிடுங்கள், அந்த முதல் பணம் வந்திருக்கவே வந்திருக்காது. ‘வேறு முகவரிக்கு அனுப்புங்கள்’ என்றால், அந்த விற்பனையை ரத்து செய்து சரியான முகவரியோடு மறுபடி வாங்கச் சொல்லுங்கள். பணம் வந்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் அதில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களே தளத்துக்குள் நுழைந்து பாருங்கள். பணம் வாங்குவதற்கு நீங்கள் ஓடிபி சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது.

போனில் முதலில் கூகுள் அல்லது ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், பிறகு எல்லாவற்றையும் அழியுங்கள். வெளியேறாமல் அழித்தால் வாங்கியவர் கையில் அது பூட்டிய பெட்டிதான்.

கேள்வி: ரொம்ப நன்றி அக்கா. ஒரு சந்தேகம். நீங்கள் சொல்கிற இரண்டாவது ஆள்... என் அறை நண்பன் தன் கணக்கிலிருந்து கேமராவுக்கு ஏலம் கேட்டுக் கொஞ்சம் ஏற்றிவிடுகிறேன் என்கிறான். செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அது ஏமாற்று. 60 கொடுக்க யாருமே இல்லாத இடத்தில் ஒருவர் இருப்பதாகக் காட்டி, முன்பின் தெரியாத ஒருவர் பையிலிருந்து எடுக்கிறோம். தளங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன, பல நாடுகளில் சட்டப்படியும் குற்றம். ஒரே வீட்டு இணையம், ஒரே முகவரி என்றால் கண்டுபிடிப்பதும் எளிது. விசா எடுத்து வந்திருக்கும் நமக்கு இப்படி ஒரு பதிவு எதற்கு? உங்கள் நண்பர் உதவ வேண்டுமென்றால், பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள்.

விசா என்றதும் நினைவு வருகிறது. சொந்தமாகப் பயன்படுத்திய சாமானை விற்பது வேறு, விற்பதற்காகவே வாங்குவது வேறு. கேமரா நல்ல விலைக்குப் போனது என்று இன்னும் நாலு கேமரா வாங்கி விற்கத் தொடங்கினால் அது வியாபாரம். சில விசாக்களில் சொந்தத் தொழில் செய்ய அனுமதி கிடையாது, வரிக் கணக்கும் வேறாகிவிடும். நீங்கள் ஒவ்வொரு பொருளையும் எப்போது எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்ற ரசீது கிடைத்தால் எடுத்து வையுங்கள்.

கேமராவின் அடியில் இருக்கும் மாடல் எண்ணையும் லென்ஸைச் சுற்றி எழுதியிருப்பதையும் இங்கே போடுங்கள். தலைப்பை நான் பார்த்துத் தருகிறேன். வியாழனுக்கு முன்னால் போட்டால் இந்த வாரமே தொடங்கிவிடலாம்.