பாட்டு மனப்பாடம், ஆனால் வாசிக்க வரவில்லை: வழி சொல்லுங்கள்

வணக்கம். மகளுக்கு எட்டு வயது. சங்கரன்கோவில் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ் சரளமாக வாசிப்பாள். ஜூன் மாதத்திலிருந்து, ஐந்து மாதமாக, பாட்டும் கதையும் வைத்து வீட்டில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள்.

பதினொரு ஆங்கிலப் பாட்டு தங்குதடையில்லாமல் பாடுகிறாள். அதே பாட்டைத் தாளில் எழுதி, விரல் வைத்துப் படி என்றால் தடுமாறுகிறாள். 'ரெயின் ரெயின் கோ அவே' என்ற மழைப் பாட்டில் 'அவே' (away) என்பது ஒரே வார்த்தை. இரண்டு அசையாக இழுத்துப் பாடுவதால் விரல் அடுத்த வார்த்தைக்குத் தாவிவிடுகிறது. வரி முடியும் முன்பே தாளில் வார்த்தை தீர்ந்துபோகிறது, என் முகத்தைப் பார்க்கிறாள். அந்தப் பார்வை மனசைப் பிசைகிறது.

ராத்திரி இருபது நிமிடம் போனில் பாட்டு போட்டுப் பார்த்தேன். ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதை இணையதளத்தில் ஒரே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்துக் காட்டினேன். கதை புரிகிறது, ஆனால் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறாள். ஆங்கில வார்த்தைக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதியதுதான் பெரிய தப்பு. தமிழை மட்டும் படித்துவிட்டுப் போனாள். அதை நிறுத்திவிட்டேன். ஏ, பி, சி எல்லாம் தெரியும், 'கேட்' (cat), 'பேட்' (bat) மாதிரி மூன்றெழுத்து வார்த்தைகளை எழுத்துக் கூட்டுவாள். 'வாக்ட்' (walked) என்பதை 'வால்கெட்' என்கிறாள்.

டியூஷனுக்கு அனுப்ப இப்போது வசதி இல்லை.

தமிழ்வழிப் பிள்ளையைப் பாட்டிலிருந்து வாசிப்புக்குக் கொண்டுவந்த அம்மாக்களே, ஆசிரியர்களே, முதல் இரண்டு வாரம் தினமும் என்ன செய்தீர்கள்?