பால் கணக்கு நிரல்: விண்டோஸிலும் உபுண்டுவிலும் ஓட உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். பைத்தான் கற்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. அக்கா எங்கள் ஊர் பால் சொசைட்டியின் கணக்கை வீட்டு விண்டோஸ் கணினியில் எக்செலில் போட்டு, சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) தருவார். யாருக்கு எவ்வளவு பணம் என்று கூட்டிச் சொல்ல நிரல் எழுதுகிறேன். என் லேப்டாப்பில் உபுண்டு 24.04, பைத்தான் 3.12, அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகம்.

முதலில் பாண்டாஸ் இல்லாமல், பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூலில் படித்தபோது 'தேதி' என்ற பத்தியே இல்லை என்று கீ எரர் வந்தது. கண்ணெதிரே இருக்கிறதே! பத்திப் பெயர்களை ரெப்ர் (மறைந்த எழுத்துகளையும் காட்டும் பைத்தான் கட்டளை) போட்டு அச்சிட்டபோதுதான் முன்னால் ஒளிந்திருந்த பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி தெரிந்தது. என்கோடிங்கை அந்தக் குறியை நீக்கிப் படிக்கும் 'யூடிஎஃப்-8-சிக்' என்று மாற்றினேன், சரியாகிவிட்டது.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது லிட்டர் பத்தியில். '4.5', '4,5', '4.5 லி', சில இடத்தில் 'நாலரை' என்றே இருக்கிறது. எழுத்தை எண்ணாக மாற்றும் பாண்டாஸின் டூ நியூமெரிக்கில் கோயர்ஸ் கொடுத்தால் புரியாததெல்லாம் நேன் (மதிப்பு இல்லை) ஆகிறது. கூட்டும்போது சத்தமில்லாமல் விடுபட்டுப் போகிறது. அது ஒருவர் விடிகாலையில் கறந்து ஊற்றிய பால். அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. புரியாத வரிகளை மட்டும் தனியே எடுத்து அக்காவிடம் காட்ட நல்ல வழி எது?

அப்புறம், அக்காவின் ஷேர் ஃபோல்டர். கோப்பு முகவரிகளைக் கையாளும் பாத்லிப் வந்தபின், விண்டோஸுக்கும் உபுண்டுவுக்கும் இடையிலான சாய்கோட்டுத் தொல்லை போய்விட்டது. ஆனால் இரட்டைப் பின்சாய்கோட்டில் தொடங்கும் நெட்வொர்க் முகவரி உபுண்டுவில் திறப்பதில்லை. சிஐஎஃப்எஸ் (விண்டோஸ் ஷேர்களை லினக்ஸில் இணைக்கும் முறை) வழியாக மவுன்ட் செய்துதான் ஆக வேண்டுமா, பைத்தானுக்குள்ளிருந்தே படிக்க முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பட்டுவாடா வெள்ளிக்கிழமை.